கொடுப்பது யார், வாங்குவது யார்?

கேள்வி

எங்கள் அப்பாவுக்கு 76 வயது. உள்ளங்கையில் அடங்கும் எம்.பி.3 பிளேயர் ஒன்று வைத்திருக்கிறார். வாங்கிப் பல வருஷம் ஆகிறது. சீர்காழி கோவிந்தராஜன், மதுரை சோமு, மகாராஜபுரம் சந்தானம் என்று அவருக்குப் பிடித்ததையெல்லாம் அதில் ஏற்றிக் கொடுத்திருக்கிறேன். ராத்திரி படுத்துக்கொண்டு கேட்பார். இயர்போன் ஒயர் கழுத்தில் சுற்றிக்கொள்கிறது. புரண்டு படுத்தால் பிளேயர் கட்டிலிலிருந்து கீழே விழுகிறது. அதனால் தம்பி ஒரு புளூடூத் நெக்பேண்ட் வாங்கித் தந்தான். பிளேயரில் புளூடூத் இல்லை. மொபைல் கடையில் கேட்டதற்கு, "இதைச் சொருகினால் போதும், எதுவும் புளூடூத் ஆகிவிடும்" என்று கட்டை விரல் நீளத்தில் ஒரு குச்சியைக் கொடுத்தார்கள். பிளேயரின் இயர்போன் ஓட்டையில் சொருகினேன். குச்சியில் நீல லைட் மின்னுகிறது, நெக்பேண்டிலும் மின்னுகிறது, பாட்டு மட்டும் வரவில்லை. பழைய ரேடியோ போலவே செய்த பாட்டுப் பெட்டி ஒன்றும் வீட்டில் இருக்கிறது. அதில் புளூடூத் பட்டனே உண்டு. என் போன் அதோடு சேர்கிறது. நெக்பேண்ட் சேர மறுக்கிறது. எல்லாவற்றிலும் புளூடூத் இருந்தும் ஏன் ஒன்றோடொன்று சேரவில்லை? போனிலேயே கேளுங்கள் என்றால் அப்பாவுக்குப் பிடிக்கவில்லை. என்ன செய்யலாம்?

— ஒரு வாசகி, கும்பகோணம்

பதில்

நெக்பேண்டில் கோளாறு இல்லை. குச்சியும் கெட்டுப்போகவில்லை. பாட்டுப் பெட்டியும் தன் வேலையைச் சரியாகத்தான் செய்கிறது. அப்பாவின் பாட்டு நெக்பேண்டுக்குப் போக ஒரு பொருள்தான் குறைகிறது: பாட்டை அனுப்புகிற கருவி. புளூடூத் டிரான்ஸ்மிட்டர் என்று அதற்குப் பெயர். நீங்கள் வாங்கி வந்த குச்சி ரிசீவர். பார்வைக்கு இரண்டும் அண்ணன் தம்பி மாதிரி இருக்கும். வேலை நேர் எதிர்.

மூன்றும் காதுகள்

புளூடூத் என்ற ஒரே பெயரின் கீழ் பல வேலைகள் நடக்கின்றன. ஸ்டீரியோ பாட்டுக்கென்று உள்ள விதிமுறையின் பெயர் ஏ2டிபி, 2003-இல் வந்தது. அந்த விதிமுறையில் இரண்டே பாத்திரங்கள். ஒருவர் பாட்டைக் கொடுப்பவர், மற்றவர் வாங்குபவர். போனும் கணினியும் கொடுப்பவை. நெக்பேண்ட், ஸ்பீக்கர், கார் ஸ்டீரியோ எல்லாம் வாங்குபவை. வாங்குகிற சாதனங்கள் இரண்டைப் பக்கத்தில் வைத்தால் எதிராளி கூப்பிடட்டும் என்று இரண்டுமே லைட்டை மின்னிக்கொண்டு காத்திருக்கும். இரண்டு காதுகள் எதிரெதிரே உட்கார்ந்த கதைதான். பேச ஒரு வாய் வேண்டாமா?

இப்போது உங்கள் வீட்டுக் கணக்கைப் பாருங்கள். நெக்பேண்ட் வாங்குவது. குச்சி வாங்குவது. பாட்டுப் பெட்டியின் புளூடூத்தும் வாங்குவது. போனிலிருக்கும் பாட்டை அந்தப் பெட்டியின் ஸ்பீக்கரில் கேட்பதற்காக வைத்தது அது. அதனால்தான் உங்கள் போன் அதோடு உடனே சேர்ந்தது. கொடுக்கத் தெரிந்தது வீட்டில் உங்கள் போன் ஒன்றுதான்.

குச்சி ரிசீவர்தான் என்பதை நீங்களே உறுதி செய்துகொள்ளலாம். அதை மின்ன விட்டு, உங்கள் போனில் புளூடூத் தேடலைப் போடுங்கள். பட்டியலில் ஒரு பெயர் வந்து, தொட்டதும் சேர்ந்துவிட்டால் அது ரிசீவர். டிரான்ஸ்மிட்டராக இருந்தால் போன் அதோடு சேராது. அது தானே ஹெட்செட்டைத் தேடிப் போகும்.

அதற்காகக் குச்சியைத் தூக்கிப் போட வேண்டாம். வீட்டில் ஆக்ஸ் ஓட்டை உள்ள பழைய மியூசிக் சிஸ்டமோ காரோ இருந்தால் அதில் சொருகி, போனிலிருந்து பாட்டு அனுப்பலாம். அது செய்யப்பட்டதே அந்த வேலைக்குத்தான். கடைக்காரர் சொன்னது பாதி சரி: ஆக்ஸ் ஓட்டை உள்ள எதில் சொருகினாலும் அது புளூடூத் ஆகும், ஆனால் வாங்குகிற பக்கம் மட்டும்.

பிளேயருக்குள் என்ன இருக்கிறது?

உங்கள் அப்பாவிடம் இருப்பது போன்ற பிளேயருக்குள் மெமரி, எம்.பி.3 கோப்பைப் பிரித்து ஒலி அலையாக மாற்றும் ஒரு சிப், இயர்போனை ஓட்டுவதற்கு ஒரு சின்ன ஆம்ப்ளிஃபயர், பேட்டரி, இவ்வளவுதான் இருக்கும். ரேடியோ அலையில் அனுப்பும் பாகம் கிடையாது. ஆகவே எந்தச் சாஃப்ட்வேர் அப்டேட்டும் புளூடூத்தைக் கொண்டுவராது.

சிலர் கணினிக்கென்று விற்கும் யூ.எஸ்.பி. புளூடூத் டாங்கிளை வாங்கிப் பிளேயரின் சார்ஜ் ஓட்டையில் மாட்டப் பார்ப்பார்கள். அதுவும் பலிக்காது. கணினியோடு சேர்த்தால் பிளேயர் தன்னை ஒரு பென் டிரைவாகக் காட்டிக்கொள்ளும். அதற்கு மேல் அந்த ஓட்டைக்கு எதுவும் தெரியாது. இன்னொரு கருவியைத் தன்னில் மாட்டி இயக்குவதற்கு வேண்டிய மின்சாரமோ மென்பொருளோ அதில் இல்லை.

பிளேயரிலிருந்து பாட்டு வெளியே வருவதற்கு உள்ள ஒரே வாசல் 3.5 மி.மீ. இயர்போன் ஜாக். அங்கே வருவது மின் அலை. டிரான்ஸ்மிட்டர் அதை வாங்கி, எண்களாக மாற்றி, சுருக்கி, 2.4 கிகாஹெர்ட்ஸ் ரேடியோ அலையில் அனுப்பும். நெக்பேண்ட் அதைப் பிடித்து மறுபடி ஒலியாக்கும்.

எல்லாப் பிளேயர்களும் இப்படி இல்லை என்பதையும் சொல்லிவிடுகிறேன். ஆப்பிளின் ஐபாட் வரிசையில் கிளாசிக்கிலும் ஷஃபிளிலும் புளூடூத் கிடையாது. 2012-இல் வந்த ஏழாம் தலைமுறை நானோவில் உண்டு. சோனி வாக்மேன் வரிசையில் பல மாடல்களில் உண்டு. இப்படிப் பிளேயரிலேயே இருந்தால் தனி டிரான்ஸ்மிட்டர் வேண்டாம். செட்டிங்ஸ் உள்ளே போய்ப் புளூடூத்தை ஆன் செய்து, ஹெட்செட்டைத் தேடித் தொட்டால் முடிந்தது. மற்ற வாசகர்கள் எதையும் வாங்குவதற்கு முன் தங்கள் பிளேயரின் மெனுவை ஒரு முறை முழுக்கப் பார்த்துவிடுவது நல்லது.

கடையில் என்ன கேட்பது?

"புளூடூத் வேண்டும்" என்று கேட்டால் ரிசீவர்தான் வரும்; அதிகம் விற்பது அதுதான். "எம்.பி.3 பிளேயரில் சொருகி, பாட்டை ஹெட்செட்டுக்கு அனுப்பணும், டிரான்ஸ்மிட்டர் கொடுங்கள்" என்று கேளுங்கள். பெட்டியைக் கையில் வாங்கியதும் இவற்றைப் பாருங்கள்:

• பெட்டியின் மேல் 'டிரான்ஸ்மிட்டர்' என்றோ, சுருக்கமாக 'டி.எக்ஸ்' என்ற இரண்டு ஆங்கில எழுத்துகளோ இருக்க வேண்டும். 'ஆர்.எக்ஸ்' என்று மட்டும் இருந்தால் அது ரிசீவர். இரண்டும் போட்டிருந்தால் ஓரத்தில் ஒரு ஸ்விட்ச் இருக்கும். அந்த வகையையும் வாங்கலாம்.

• உள்ளே சொந்த பேட்டரி இருக்கிறதா? யூ.எஸ்.பி. மின்சாரம் கொடுத்தால் மட்டும் வேலை செய்கிற வகை டி.வி.க்குச் சரி, படுக்கைக்கு ஒத்துவராது. ஒரு சார்ஜுக்கு எத்தனை மணி நேரம் ஓடும் என்பதும் பெட்டியில் இருக்கும்.

• பிளேயரோடு சேரும் முனை 3.5 மி.மீ. தானா? முனை நேரடியாக உடம்பிலேயே இருந்தால் குட்டிப் பிளேயரில் அது கொம்பு மாதிரி நீட்டிக்கொண்டு நிற்கும். இடிபட்டால் ஜாக் தளர்ந்துபோகும். நாலு விரற்கடை ஒயரோடு வருவது மேல். பிளேயரின் முதுகில் ரப்பர் பேண்ட் போட்டு இரண்டையும் ஒன்றாகக் கட்டிவிடலாம்.

• ஒரே நேரத்தில் இரண்டு ஹெட்செட்டுக்கு அனுப்பும் வசதி சிலவற்றில் உண்டு. வீட்டில் இன்னொருவரும் கூடவே கேட்பார் என்றால் அதைத் தேடுங்கள்.

ஆப்ட்எக்ஸ், எல்டாக் என்று பெட்டியில் பெரிதாக அச்சடித்திருக்கும் பெயர்களுக்காகக் கூடுதல் காசு கொடுக்க வேண்டாம். அவை பாட்டைச் சுருக்கும் முறைகள். அனுப்பும் பக்கம், வாங்கும் பக்கம் இரண்டிலும் இருந்தால்தான் பயன். ஒரு பக்கம் இல்லையென்றால் எல்லாக் கருவியிலும் கட்டாயமாக உள்ள எஸ்.பி.சி. முறைக்கு இரண்டும் தாமாக இறங்கிவந்துவிடும். ஆப்பிள் ஏர்பாட்ஸ் வைத்திருப்பவர்கள் ஆப்ட்எக்ஸ் டிரான்ஸ்மிட்டர் வாங்கினால் நடப்பது இதுதான். ஏர்பாட்ஸில் ஆப்ட்எக்ஸ் கிடையாது.

உங்கள் தம்பி வாங்கிய நெக்பேண்ட் ஸ்டீரியோ பாட்டுக்கானது, கவலை இல்லை. ஒரு காதில் மட்டும் மாட்டிக்கொண்டு போன் பேசும் பழைய ஹெட்செட்டுகளில் சிலவற்றுக்குப் பேச்சு விதிமுறை மட்டும்தான் தெரியும், ஏ2டிபி தெரியாது. அவை டிரான்ஸ்மிட்டரோடு சேராமலே போகலாம்.

இணைக்கும் முறை

பெரும்பாலானவர்கள் தடுக்கி விழுவது இங்கேதான். காரணம் அநேகமாகப் போன். நெக்பேண்டை ஆன் செய்ததும் அது கடைசியாகச் சேர்ந்திருந்த போனைத் தேடிப் பிடித்துக்கொள்ளும். பிறகு டிரான்ஸ்மிட்டர் எவ்வளவு கூப்பிட்டாலும் திரும்பிப் பார்க்காது. போன் அடுத்த அறையில் சார்ஜில் கிடந்தாலும் இது நடக்கும். ஆகவே இந்த வரிசையில் செய்யுங்கள்:

1. டிரான்ஸ்மிட்டரையும் நெக்பேண்டையும் முழுக்கச் சார்ஜ் செய்யுங்கள்.

2. நெக்பேண்டோடு முன்பு சேர்ந்த எல்லாப் போன்களிலும் புளூடூத்தை அணையுங்கள். உங்கள் போன் மட்டுமல்ல, தம்பி வாங்கியதும் சோதித்துப் பார்த்திருப்பான், அவன் போனும்தான்.

3. டிரான்ஸ்மிட்டரில் ஸ்விட்ச் இருந்தால் டி.எக்ஸ் பக்கம் தள்ளுங்கள்.

4. நெக்பேண்டை அணைத்துவிட்டு, பவர் பட்டனை விடாமல் அழுத்திப் பிடியுங்கள். முதலில் ஆன் ஆகும். அப்போது விரலை எடுத்துவிடக் கூடாது. இன்னும் சில வினாடி பிடித்தால் சிவப்பும் நீலமும் மாறி மாறி மின்னும், அல்லது 'பேரிங்' என்று குரல் வரும். ஆன் ஆகியிருப்பது வேறு, பேரிங் நிலையில் இருப்பது வேறு. முதல் தடவை சேர்வதற்கு இரண்டாவதுதான் வேண்டும். பட்டன் விஷயம் மாடலுக்கு மாடல் மாறும். பெட்டிக்குள் இருக்கும் காகிதத்தைப் பாருங்கள்.

5. டிரான்ஸ்மிட்டரையும் அதேபோல் பேரிங் நிலைக்குக் கொண்டுவாருங்கள். இரண்டையும் ஒரு முழ தூரத்துக்குள் வைத்துவிட்டுக் காத்திருங்கள். சில வினாடியில் சேரலாம், ஒரு நிமிஷமும் ஆகலாம். சேர்ந்ததும் மின்னுவது நிற்கும், அல்லது மெதுவாகும்.

6. இப்போது பிளேயரில் சொருகிப் பாட்டைப் போடுங்கள்.

7. பாட்டு வந்ததும் எல்லாவற்றையும் ஒரு முறை அணைத்து, மறுபடி ஆன் செய்யுங்கள். பேரிங் இல்லாமலே தானாகச் சேர வேண்டும். சேர்ந்தால், இனி தினமும் அப்பா இரண்டு பட்டன்களை ஆன் செய்தால் போதும்.

டிரான்ஸ்மிட்டருக்குத் திரை கிடையாது. எந்தப் பெயரைப் பிடிப்பது என்று உங்களிடம் கேட்காது. பேரிங் நிலையில் அருகில் எது அகப்படுகிறதோ அதோடு ஒட்டிக்கொள்ளும். பாட்டுப் பெட்டி பக்கத்தில் புளூடூத் நிலையில் இருந்தால் பாட்டு அங்கே கேட்டாலும் கேட்கும். சேர்க்கும்போது மற்ற ஸ்பீக்கர்களை அணைத்துவிடுங்கள். ஏற்கெனவே தப்பாகச் சேர்ந்திருந்தால், காகிதத்தில் சொல்லியுள்ளபடி ரீசெட் செய்து முதலிலிருந்து ஆரம்பியுங்கள்.

அளவு வைக்கும் இடம்

இப்போது வால்யூம் இரண்டு இடத்தில் இருக்கிறது, பிளேயரில் ஒன்று, நெக்பேண்டில் ஒன்று. பிளேயரை முழு அளவில் வைத்தால் டிரான்ஸ்மிட்டரால் தாங்க முடியாமல் உச்ச ஸ்தாயியில் குரல் பிசிறடிக்கும். மிகக் குறைவாக வைத்துவிட்டு நெக்பேண்டில் ஏற்றினால் பாட்டோடு 'ஸ்...' என்ற இரைச்சலும் சேர்ந்து ஏறும். பிளேயரை முக்கால் அளவில் நிறுத்திவிட்டு, அதற்கு மேல் கூட்டுவதும் குறைப்பதும் நெக்பேண்டிலேயே இருக்கட்டும். பிளேயரில் 'பாஸ் பூஸ்ட்' மாதிரி ஏதாவது போட்டிருந்தால் எடுத்துவிடுங்கள். பிசிறு பாதி அதனால்தான் வரும்.

சேர்ந்த பிறகு என்னென்ன மாறும்?

அப்பாவிடம் முன்கூட்டியே சொல்லிவைத்தால் ராத்திரியில் உங்களை எழுப்பமாட்டார்.

நெக்பேண்டில் 'அடுத்த பாட்டு' பட்டன் வேலை செய்யாது. அந்தக் கட்டளை ரேடியோ வழியாக டிரான்ஸ்மிட்டர் வரைக்கும் போகும். அங்கிருந்து பிளேயருக்குப் போக வழி இல்லை. ஜாக் வழியாக ஒலி வெளியே வரும், கட்டளை உள்ளே போகாது. பாட்டை மாற்றப் பிளேயரைத்தான் கையில் எடுக்க வேண்டும். வால்யூம் பட்டன் வேலை செய்யும். அது நெக்பேண்டின் சொந்த விஷயம்.

பிளேயரில் எஃப்.எம். ரேடியோ இருந்து, அப்பா வானொலியும் கேட்பவராக இருந்தால் கவனியுங்கள். இந்தக் குட்டிப் பிளேயர்களில் இயர்போன் ஒயர்தான் எஃப்.எம். ஆன்டெனா. நீள ஒயரை எடுத்துவிட்டு நாலு விரற்கடை ஒயரைப் போட்டால் நிலையம் சரியாகப் பிடிக்காது, அல்லது கரகரக்கும். வானொலிக்கு மட்டும் பழைய இயர்போனையே மாட்டச் சொல்லுங்கள்.

சில நெக்பேண்டுகள் ஒரே நேரத்தில் இரண்டு சாதனங்களோடு சேர்ந்திருக்கும். போனும் அதில் சேர்ந்திருந்தால், அழைப்பு வரும்போது பாட்டு நின்று மணி கேட்கும். பேசி முடிக்கும் வரை பிளேயர் தன் பாட்டுக்கு ஓடிக்கொண்டே இருக்கும். ராக ஆலாபனையில் விட்டால் தனி ஆவர்த்தனத்தில் வந்து சேர்வார். அழைப்புத் தொல்லைக்காகத்தான் அவர் போனை வேண்டாம் என்கிறாரோ? அப்படியானால் போனை நெக்பேண்டோடு சேர்க்கவே வேண்டாம்.

பாட்டு விட்டுவிட்டு வந்தால் பெரும்பாலும் நடுவில் உடம்பு நிற்கிறது. 2.4 கிகாஹெர்ட்ஸ் அலையை நீர் நன்றாக உறிஞ்சும். நம் உடம்பில் பாதிக்கு மேல் நீர். பிளேயரை முதுகுப் பக்கம் வைத்துக்கொண்டு படுத்தால் திறந்த வெளியில் 10 மீட்டர் போகிற அலை ஒரு முழம் தாண்டத் திணறும். தலையணைக்குப் பக்கத்திலோ, சட்டைப் பையிலோ இருந்தால் இந்தத் தொல்லை குறையும். அதே அலைவரிசையைத்தான் வை-ஃபையும் மைக்ரோவேவ் அடுப்பும் பயன்படுத்துகின்றன. புளூடூத் 79 தடங்களுக்குள் வினாடிக்கு 1,600 தடவை தாவி நெரிசலைத் தவிர்த்துக்கொள்ளும். ஆனாலும் வை-ஃபை ரவுட்டர் தலைமாட்டிலேயே இருந்தால் தள்ளிவையுங்கள்.

நள்ளிரவுச் சங்கதி ஒன்றும் உண்டு. சார்ஜ் குறைந்தால் பல நெக்பேண்டுகள் 'பேட்டரி லோ' என்று காதுக்குள் சத்தமாக அறிவிக்கும். பாட்டு மெதுவாக ஓடிக்கொண்டிருந்தாலும் அறிவிப்பு மெதுவாக வராது. அசந்து தூங்குகிறவர் திடுக்கிட்டு எழுவார். பிளேயர், டிரான்ஸ்மிட்டர், நெக்பேண்ட் என்று இனி மூன்று பேட்டரிகள். காலை காபி நேரத்தில் மூன்றையும் சார்ஜில் போடுவதை வழக்கமாக்கிவிட்டால் இது வராது. காதில் மாட்டியபடியே சார்ஜ் செய்ய மட்டும் விடாதீர்கள்.

தரம் குறையுமா?

குறையும், அப்பாவுக்குத் தெரியும்படி குறையாது. சி.டி.யில் ஒரு வினாடி பாட்டுக்கு 1,411 கிலோபிட் தேவை. எஸ்.பி.சி. முறையில் வழக்கமான உயர்தர அளவே ஏறத்தாழ 328 கிலோபிட்தான். போதாததற்கு உங்கள் பாட்டு எம்.பி.3-ஆக ஏற்கெனவே ஒரு தடவை சுருங்கியது; ஜாக் வழியாக அலையாகி, மறுபடி எண்ணாகி, மறுபடி சுருங்கிப் போகிறது. நல்ல காதும், நல்ல ஹெட்போனும், புதிய ஒலிப்பதிவும் இருந்தால் வித்தியாசம் தெரியலாம். நீங்கள் சொல்லும் பழைய ஒலிப்பதிவுகளில் உச்ச அதிர்வெண்களே அதிகம் இருக்காது. இருந்தாலும் எழுபது வயதுக்கு மேல் பெரும்பாலோருக்கு அவை காதில் விழுவதில்லை. ஒயர் கழுத்தைச் சுற்றாமல் இருப்பதற்கு இந்த இழப்பு தாராளமாகத் தகும்.

ஒலி சற்றுத் தாமதமாகவும் வரும். ஒரு வினாடியில் ஐந்தில் ஒரு பங்கு அளவுக்குத் தாமதம் சகஜம். பாட்டுக்கு இது ஒரு பொருட்டே இல்லை. அதே டிரான்ஸ்மிட்டரை டி.வி.யின் ஹெட்போன் ஓட்டையில் மாட்டினால்தான் வாயசைவு முந்தி, வசனம் பிந்தி வரும். செய்தி கேட்க அது போதும், சினிமா பார்க்க எரிச்சல் தரும்.

பாட்டுப் பெட்டிக்கும் இதே மருந்துதான். அதன் முதுகில் 3.5 மி.மீ. ஓட்டை இருந்தால் சாதா இயர்போனைச் சொருகிப் பாருங்கள். பெட்டி வாயை மூடிக்கொண்டு பாட்டு காதில் வந்தால் அது ஹெட்போன் ஓட்டை, டிரான்ஸ்மிட்டரை மாட்டலாம். ஒன்றும் கேட்கவில்லை என்றால் அது 'ஆக்ஸ் இன்', வெளியிலிருந்து பாட்டை உள்ளே வாங்குகிற ஓட்டை. அங்கே எதை மாட்டியும் பாட்டு வெளியே வராது. ஓட்டைகளிலும் கொடுப்பது, வாங்குவது என்ற பேதம் உண்டு.

அப்பாவின் உடம்பைப் பற்றி இரண்டு விஷயம்

முதலாவது முக்கியமானது. அவருக்கு பேஸ்மேக்கர் பொருத்தியிருக்கிறார்களா? நெக்பேண்டின் இரு முனைகளும் ஒட்டிக்கொள்வதற்காக அவற்றில் காந்தம் வைத்திருப்பார்கள். கழுத்தில் தொங்கவிட்டால் அந்தக் காந்தம் சரியாக மார்பின் மேல் வந்து உட்காரும். காந்தம் உள்ள மின்னணுச் சாதனங்களைப் பேஸ்மேக்கரிலிருந்து குறைந்தது 15 செ.மீ., அதாவது ஆறு அங்குலம் தள்ளி வைக்கும்படி அறிவுறுத்துகிறார்கள். பேஸ்மேக்கர் இருந்தால் நெக்பேண்டை வேறு யாருக்காவது கொடுத்துவிட்டு, தலைமேல் மாட்டும் ஹெட்போன் எடுங்கள். அதிலும் ஸ்பீக்கருக்குள் காந்தம் உண்டு என்பதால் கழற்றி மார்பில் போட்டுக்கொள்ளாமல் இருக்க வேண்டும். இதய மருத்துவரிடமும் ஒரு வார்த்தை கேட்டுக்கொள்ளுங்கள்.

இரண்டாவது, சத்தம். உலக சுகாதார நிறுவனம் பெரியவர்களுக்குச் சொல்லும் வரம்பு, 80 டெசிபல் அளவில் வாரத்துக்கு 40 மணி நேரம். சத்தம் கூடக் கூட இந்த நேரம் வேகமாகக் குறையும். பிளேயரை முக்காலில் வைத்து, நெக்பேண்டையும் முழுக்க ஏற்றினால்தான் கேட்கிறது என்று அவர் சொன்னால் கருவியை மாற்றாதீர்கள். காது மருத்துவரிடம் அழைத்துப்போங்கள். சில நேரம் காதில் அடைத்த குறும்பிதான் காரணமாக இருக்கும்.

வேறு வழி இல்லையா?

இருக்கிறது. வீட்டில் டிராயரில் சும்மா கிடக்கும் பழைய ஆண்ட்ராய்டு போன் ஒன்று இருந்தால் அதுவே புளூடூத் உள்ள பிளேயர். சிம்மை எடுத்துவிட்டு, ஏரோபிளேன் மோடில் போட்டு, புளூடூத்தை மட்டும் ஆன் செய்து, பாட்டுகளை ஏற்றிக் கொடுத்தால் அழைப்பும் வராது, வாட்ஸ்அப் சத்தமும் வராது. நெக்பேண்டின் 'அடுத்த பாட்டு' பட்டனும் வேலை செய்யும். செலவு இல்லாத வழி இதுதான்.

ஆனால் அப்பா போனை மறுப்பது அழைப்புக்காக மட்டும் இருக்காது என்று நினைக்கிறேன். இருட்டில், கண்ணாடி போடாமல், விரலால் தடவிப் பார்த்தே 'இது நிறுத்த, இது அடுத்த பாட்டு' என்று கண்டுபிடிக்கிற பட்டன்கள் அந்தப் பிளேயரில் இருக்கின்றன. தொடுதிரையில் அது முடியாது. முதலில் பழைய போனைக் கொடுத்து ஒரு வாரம் பாருங்கள். அவர் பிளேயரையே திரும்பக் கேட்டால் டிரான்ஸ்மிட்டர் வாங்குங்கள்.

வாங்கப் போகும்போது பிளேயரையும் சார்ஜ் போட்ட நெக்பேண்டையும் கையோடு எடுத்துச் செல்லுங்கள். போன்களில் புளூடூத்தை அணைத்துவிட்டு, கடையிலேயே சேர்த்து, ஒரு பாட்டை முழுதாகக் கேளுங்கள். பிறகு எல்லாவற்றையும் அணைத்து மறுபடி ஆன் செய்து, தானாகச் சேர்கிறதா பாருங்கள். "சோதித்துப் பார்க்க முடியாது, பெட்டியைப் பிரிக்கக் கூடாது" என்று சொல்கிற கடையில் வாங்காதீர்கள். இணையத்தில் வாங்குவதானால், திருப்பி அனுப்பும் வசதி இருக்கிறதா என்று பார்த்துவிட்டு வாங்குங்கள். பாட்டு காதில் விழுந்த பிறகு காசு கொடுத்தால் போதும்.